ரூபாய்க்கு 10 பைசா



முதல் செமஸ்டரில் கணிதத்தில் எனக்கு அரியர் விழுந்தது. வகுப்பில் பலருக்கும் விழுந்ததுதான். ஆனால் எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். 'அரியர்' என்றால் என்ன என்று வீட்டில் சொல்லிப் புரியவைக்கவே இரண்டு நாள் ஆனது. அப்பா கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறார். "புத்தகம் வாங்கணும்னா சொல்லுடா" என்றார். விலையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வாரம் அம்மா எதையோ தேடித் தகரப் பெட்டியைத் திறந்தபோது, பழைய வீட்டு வரி ரசீதுகள் ஒரு கட்டாகக் கிடந்தன. எங்களுடையது தாத்தா கட்டிய ஒற்றை அறை வீடு. ரசீதைப் புரட்டினால் அதில் 'நூலக வரி' என்று ஒரு கணக்கு! "இது எதுக்குப்பா?" என்று கேட்டேன். "கேட்டாங்க, கட்டினோம். எதுக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோது கிடைத்த செய்திகளையே இங்கு எழுதுகிறேன்.

எழும்பூரில் ஒரு தொடக்கம்

சென்னையின் பொது நூலக வரலாற்றை எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலிருந்து தொடங்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்த ஹெய்லிபரி கல்லூரியில் மிஞ்சிய புத்தகங்கள் மதராசுக்கு வந்து, அருங்காட்சியகத்தோடு சேர்ந்த ஒரு சிறு நூலகமாயின. பிறகு அதற்கென்று தனிக் கட்டடம் வேண்டும் என்று முடிவாகி, 1890இல் கவர்னர் கன்னிமாரா பிரபு அடிக்கல் நாட்டினார். 1896 டிசம்பர் 5ஆம் தேதி நூலகம் திறக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி இங்கே வந்து சேர வேண்டும். இந்த உரிமை நாட்டில் நான்கே நூலகங்களுக்குத்தான் உண்டு. அதில் ஒன்று நம்ம ஊரில் இருக்கிறது!

கணக்கு வாத்தியார் செய்த புரட்சி

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அந்த வேலை அவருக்கு முதலில் பிடிக்கவே இல்லை. பழைய வேலைக்கே திரும்பிப் போகிறேன் என்று கேட்டிருக்கிறார். லண்டன் போய்ப் படித்த பிறகுதான் மனம் மாறியது.

நம்மைப் போன்ற தொழில்நுட்ப மாணவர்களுக்குப் பிடிக்கும் செய்தி ஒன்று. லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். துளை போட்ட சில தகடுகள், போல்ட்டு, நட்டு, அவ்வளவுதான். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் கிரேன் வரும், வண்டி வரும். புத்தகத்தின் பொருளையும் இப்படிப் பகுதி பகுதியாகப் பிரித்து, வேண்டியபடி பூட்டினால் என்ன என்று யோசித்தார். பகுதிகளை முக்காற்புள்ளியால் இணைத்து 'கோலன் பகுப்பு முறை'யை உருவாக்கினார். 1933இல் அது நூலாக வந்தது. அதற்கு முன்பே, 1931இல், நூலக இயலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கு என்பதே முதல் விதியின் சாரம்.

அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டு வண்டியில் நூலகம் அமைத்து ஊர் ஊராக அனுப்பினார். நம் துறைக்காரர் ஒருவர் செய்த காரியம் இது என்பதில் எனக்கு ஒரு பெருமை!

வரி வந்த வழி

ஆனால் நல்ல மனம் மட்டும் இருந்தால் நூலகம் நிலைக்காது, நிரந்தர வருமானம் வேண்டும். அதற்காக ரங்கநாதன் போன்றோர் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில், 1948இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இதுதான். 1950இல் நடைமுறைக்கு வந்ததும் கன்னிமாரா மாநில மைய நூலகமானது. நூலகங்களை நடத்த ஆணைக்குழுக்கள் ஏற்பட்டன. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. இன்று அது வரியில் ரூபாய்க்கு 10 பைசா. அதாவது 400 ரூபாய் வரிக்கு 40 ரூபாய். வாடகை வீட்டில் இருப்பவர்களும் தப்பவில்லை. வீட்டுக்காரர் அதையும் வாடகையில்தானே சேர்ப்பார்!

ஆக, நூலகம் யாரோ நமக்குப் போட்ட பிச்சையல்ல. நம் வீட்டுப் பணம்.

இன்று என்ன கிடைக்கிறது?

சென்னையில் மாநகர நூலக ஆணைக்குழுவின் கீழ் கிளை நூலகங்கள், பகுதி நேர நூலகங்கள் பல இருக்கின்றன. அண்ணா சாலையில் உள்ள தேவநேயப் பாவாணர் நூலகம் இவற்றுக்கு மையம். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக விண்ணப்பமும் முகவரிச் சான்றும் காப்புத்தொகையும் கேட்பார்கள். உட்கார்ந்து படிக்கக் காசு வேண்டாம்.

கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15இல் திறக்கப்பட்டது அண்ணா நூற்றாண்டு நூலகம். பார்வையற்றோருக்குப் பிரெய்லி பிரிவு, குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு, போட்டித் தேர்வு நூல்கள் எல்லாம் அங்கே உண்டு. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் வைத்துப் படிக்கவும் தனி இடம் இருக்கிறது. "எல்லாம்தான் செல்போனில் வருதே" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் படுக்கும்போது நல்ல வெளிச்சமும் ஒரு மேசையும் எந்த செல்போனிலும் வராது.

இந்த நூலகத்துக்கும் ஒரு சோதனை வந்தது. 2011 நவம்பரில் இதை வேறு இடத்துக்கு மாற்றி, கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக அரசு அறிவித்தது. வாசகர்கள் எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் அதே இடத்தில் நிற்கிறது. உள்ளே போகிற ஆள் இருந்தால்தான் நூலகத்துக்காகக் கேட்கவும் ஆள் இருப்பார்கள் என்பதை இதில் நான் கற்றேன்.

ஒரு சின்னக் குறிப்பு

பல நூலகங்கள் பின்பற்றும் டியூயி முறையில் கணிதம் 510, மின்னியல் 621.3, கட்டடப் பொறியியல் 624, மோட்டார் வாகனம் 629.2. இந்த எண்களை நோட்டின் பின் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். நேராக அந்த அலமாரிக்கே போய்விடலாம். கிடைக்காவிட்டால் நூலகரைக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

வெட்கத்தைப் பற்றி நானே சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்குப் பக்கத்துக் கிளை நூலகத்தைப் பல வருடம் தாண்டிப் போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. அது படிச்சவங்க இடம் என்று ஒரு பயம். அந்த ரசீதைப் பார்த்த பிறகுதான் போனேன். 510 அலமாரியில் எனக்கு வேண்டிய புத்தகம் அட்டை கிழிந்து நின்றது. இரண்டு மாதம் அதோடு உட்கார்ந்தேன். அரியரை 52 மதிப்பெண்ணில் முடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் அழைத்துப் போனேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, "நம்மள உள்ள விடுவாங்களாடா?" என்று தயங்கி நின்றார். "இது நீ கட்டினதுப்பா, வா" என்றேன். தினத்தந்தியை எடுத்து, எழுத்துக் கூட்டி, ஒரு பக்கம் முழுக்கப் படித்தார்.

நண்பர்களே! உங்கள் வீட்டு ரசீதையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பணம் கட்டியாகிவிட்டது. உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி!

— இரண்டாம் ஆண்டு மாணவன்,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை