மனநோய் மருந்துகளும் நர்ஸுகளின் கடமையும்

திருவனந்தபுரத்தில் பேரூர்க்கடையை அடுத்த ஊளம்பாறையில் அரசாங்க மனநோய் மருத்துவமனை ஒன்று உள்ளது. ஆயில்யம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரை ஆண்டுவந்த காலத்தில், 1870ஆம் ஆண்டில் ஏற்பட்ட அந்நிலையம் இப்பொழுது மனநல மையம் என வழங்கப்பெறுகிறது. அது தோன்றி 80 ஆண்டுகள் கழியும் வரையில், மனச்சிதைவு நோய்க்கோ கடுமையான மனச்சோர்வு நோய்க்கோ உரியதென உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட மருந்து ஒன்றேனும் இருந்ததில்லை. புரோமைடு, பாரால்டிஹைடு போன்ற உறக்க மருந்துகளும் பூட்டிய அறைகளுமே பெரும்பாலான மனநோய் மருத்துவமனைகளின் சாதனங்களாக இருந்தன. 1930க்குப் பின் இன்சுலின் மயக்கமும் மின்சார சிகிச்சையும் அவற்றோடு சேர்ந்தன. 1950க்குப் பின் வந்த மருந்துகளே நிலைமையை அடியோடு மாற்றின.

அம்மருந்துகளின் பெயர்களையும் அளவுகளையும் பாடநூல்களில் காணலாம். நர்ஸிங் பயிலும் மாணவ மாணவியர் அவற்றோடு மனத்திற் கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. இம்மருந்துகளின் வேண்டாத விளைவுகள் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தலைகாட்டும்; நன்மையோ பல வாரங்கள் சென்ற பின்னரே முழுமையாகத் தெரியவரும். இவ்விடைக்காலம் முழுவதும் இரவும் பகலும் நோயாளியின் அருகில் இருப்பவர் நர்ஸே ஆவார். ஆதலின் அவர் கவனித்துக் கூறுவதைப் பொறுத்தே சிகிச்சை பலிப்பதும் பலியாமற் போவதும் பெரிதும் அமைகின்றன.

சர்ப்பகந்தியும் குளோர்புரோமஸீனும்

இம்மருந்துகளின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் சிறப்பான பங்கு உண்டு. கேரளத்துக் காடுகளில் வளர்வதும், மலையாளத்தில் அமல்பொரி எனப்படுவதுமான சர்ப்பகந்திச் செடியின் வேரை நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகச் சித்தப்பிரமைக்கு வழங்கிவந்தனர். 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் இவ்வேர் இரத்த அழுத்தத்தையும் மனக்கொந்தளிப்பையும் தணிப்பதை மருத்துவப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டனர். 1952இல் ஸ்விட்ஸர்லாந்தின் ஸீபா கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் இவ்வேரிலிருந்து ரிஸர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். 1954இல் அமெரிக்காவில் நேதன் கிளைன் அதனை மனநோயாளிகளுக்கு அளித்துப் பயன் கண்டதாக அறிவித்தார்.

ஏறக்குறைய அதே சமயத்தில் பிரான்ஸில் மற்றொரு மருந்து உருவாயிற்று. 1950 டிசம்பரில் பால் ஷார்ப்பாந்தியே என்பவர் தயாரித்த குளோர்புரோமஸீனை, 1952இல் பாரிஸ் நகரின் ஸேன்ட் ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் என்னும் இரு மருத்துவர்கள் மனநோயாளிகளுக்குத் தொடர்ந்து அளித்துப் பார்த்தனர். நோயாளிகள் உறங்கிக் கிடக்கவில்லை, விழித்திருந்தபடியே அமைதியுற்றனர். உறக்க மருந்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுவே. 1958இல் பெல்ஜியத்தில் ஹாலோபெரிடால் தோன்றிற்று.

ரிஸர்பின் இன்று மனநோய் சிகிச்சையில் வழக்கொழிந்துவிட்டது. ஆயினும் அது ஆராய்ச்சிக்கு வழிகாட்டிற்று. ரிஸர்பின் செலுத்தப்பட்ட முயல்கள் அசைவற்றுக் கிடந்ததையும், டோப்பமின் உண்டாவதற்கு மூலப்பொருளான எல்-டோப்பாவைச் செலுத்தியதும் அவை மீண்டும் நடமாடியதையும் 1957இல் ஸ்வீடனில் அர்விட் கார்ல்ஸன் காட்டினார். டோப்பமின் மூளையில் செய்தி கடத்தும் ஒரு பொருள் என்பது இவ்வாறு துலங்கிற்று. 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் அவர் பங்கு பெற்றார்.

மருந்து வேலை செய்யும் விதம்

மூளையில் ஒரு நரம்பணு அடுத்த நரம்பணுவுக்குச் செய்தி அனுப்பும்பொழுது, இரண்டுக்கும் நடுவிலுள்ள நுண்ணிய இடைவெளியில் ஒரு இரசாயனப் பொருளை வெளியிடுகிறது. பூட்டிற் சாவி பொருந்துவது போல அப்பொருள் அடுத்த அணுவிலுள்ள ஏற்பிகளிற் பொருந்துகிறது. மனச்சிதைவு மருந்துகளில் பெரும்பாலானவை டோப்பமினுக்குரிய ஏற்பிகளை அடைத்துக்கொள்கின்றன. இல்லாத குரல்கள் கேட்பதும், பிறர் தமக்குத் தீங்கு சூழ்கின்றனர் என்னும் பொய்ந்நம்பிக்கையும் இதனால் படிப்படியாகத் தணிகின்றன. ஆனால் தசைகளின் அசைவை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதியும் டோப்பமினையே நம்பியிருக்கிறது. அங்கும் ஏற்பிகள் அடைபடுவதால் அசைவுக் கோளாறுகள் உண்டாகின்றன.

மனச்சிதைவு மருந்துகளில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, தசைமுறுக்கம். ஹாலோபெரிடால் போன்ற மருந்து கொடுத்த சில மணி நேரத்திலோ முதற் சில நாட்களிலோ கழுத்து ஒருபுறம் திருகிக்கொள்ளலாம், கண்கள் மேல்நோக்கிச் செருகலாம், நாக்கு இழுத்துக்கொள்ளலாம். உறவினர் இதனைப் பேய்க்கோளாறு என்று அஞ்சுவர். நடிப்பு என்று எண்ணுவோரும் உண்டு. இரண்டும் தவறு. தகுந்த மாற்று மருந்தை ஊசி மூலம் செலுத்தினால் இது விரைவில் தணியும்.

இரண்டாவது, இருப்புக்கொள்ளாமை. நோயாளியால் ஓரிடத்தில் அமர்ந்திருக்க முடியாது. எழுவார், நடப்பார், நின்றவிடத்திலேயே கால் மாற்றி மாற்றி வைப்பார். நோய் முற்றிவிட்டது என இதனைத் தவறாகக் கருதி மருந்தின் அளவைக் கூட்டினால் வேதனையும் கூடும். இவ்வேதனை தாளாது மருந்தை வெறுத்தோரும், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றோரும் உண்டு. “உள்ளே பரபரப்பாக இருக்கிறதா? கால்கள் சும்மா இருக்க மறுக்கின்றனவா?” என்று நர்ஸ் கேட்கும் இரண்டு கேள்விகள் நோயையும் மருந்தின் விளைவையும் பிரித்தறிய உதவும்.

மூன்றாவது, காய்ச்சலுடன் கூடிய உடல் விறைப்பு. கடுங்காய்ச்சல், மரக்கட்டை போன்ற விறைப்பு, மிகுந்த வியர்வை, அறிவுத் தடுமாற்றம் ஆகியவை சேர்ந்து தோன்றினால் உயிருக்கே ஆபத்து எனக் கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் டெங்குவும் எலிக்காய்ச்சலும் பரவும் திருவனந்தபுரம் போன்ற ஊரில் இதனையும் அவற்றுள் ஒன்றாகக் கருதிவிடக் கூடும். நோயாளியின் கையை மடக்கிப் பார்த்து விறைப்பை அறிதல் வேண்டும்; அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து, உடனே மருத்துவரை அழைத்தல் வேண்டும்.

குளோர்புரோமஸீன் உட்கொள்வோரின் தோல் வெயிலை எளிதில் தாங்காது. படுக்கையிலிருந்து திடீரென எழுந்தால் இரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றலும் உண்டாகலாம். ஓலான்ஸபின் போன்ற பிற்கால மருந்துகளால் அசைவுக் கோளாறுகள் குறைவு. ஆயினும் உடற்பருமனும் நீரிழிவும் மிகக்கூடும். ஆகவே நோயாளியை நிறுத்து, எடையைக் குறித்து வருதல் சிறிய வேலையன்று.

வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு நோய்க்குக் குளோஸபின் சிறந்தது. ஆனால் இரத்தத்தின் வெள்ளணுக்களை அது சிலரிடம் அபாயகரமாகக் குறைத்துவிடும். பின்லாந்தில் இக்காரணத்தால் மரணங்கள் நேர்ந்தமையால் 1975இல் அது பல நாடுகளில் விலக்கப்பட்டது. இரத்தப் பரிசோதனை என்னும் நிபந்தனையோடு 1989இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதல் 18 வாரங்களில் வாரந்தோறும் இரத்தத்தைச் சோதிப்பது பெரிதும் கையாளப்பட்டுவந்த முறையாகும். குளோஸபின் உட்கொள்ளும் நோயாளி தொண்டைவலி என்று சொன்னால் அதனைச் சளி என்று ஒதுக்கலாகாது. மலச்சிக்கலும் குடலடைப்பாக முற்றி உயிரை மாய்க்கக்கூடும். “இன்று வெளிக்குப் போனீர்களா?” என்று நாள்தோறும் கேட்பதில் கூச்சம் வேண்டா.

மனச்சோர்வு மருந்துகள்

மனச்சிதைவு நோயைத் தணிக்கும் என்று எதிர்பார்த்துத் தரப்பட்ட இமிபிரமின், அந்நோயில் பயன்படவில்லை. மனச்சோர்வு நோயிற் பயன்பட்டது. ஸ்விட்ஸர்லாந்தில் ரோலண்ட் கூன் 1957இல் இதனை வெளியிட்டார். செய்தி கடத்தும் பொருள்களான நார்அட்ரினலின், செரோடோனின் ஆகியவற்றை வெளியிட்ட நரம்பணுவே அவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வது இயல்பு. இமிபிரமின் அவ்வுறிஞ்சலைத் தடுக்கிறது. 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபுளுவாக்ஸிடினும் அவ்வினத்து மருந்துகளும் முக்கியமாகச் செரோடோனின் உறிஞ்சலையே தடுக்கின்றன.

உறிஞ்சல் தடைபடுவது சில மணி நேரத்திலேயே நிகழ்கிறது. துயரம் நீங்குவதற்கோ இரண்டு முதல் நான்கு வாரங்கள், சில வேளைகளில் அதற்கு மேலும், செல்கின்றன. செரோடோனின் குறைவு ஒன்றே மனச்சோர்வுக்குக் காரணம் என்று கூறுவது போதாது என்பதற்கு இத்தாமதமும் ஒரு சான்றாகும்.

இவ்வாரங்களே மிகுந்த விழிப்புக்குரியவை. கடுஞ்சோர்வில் கையைத் தூக்கவும் வலுவற்றுக் கிடந்தவருக்கு முதலில் சுறுசுறுப்பு மீளலாம். நம்பிக்கையின்மை அப்படியே எஞ்சியிருக்கலாம். சாக வேண்டும் என்னும் எண்ணத்தோடு அதனைச் செய்யும் வலுவும் கூடிவிடும் நிலை அது. 25 வயதுக்குட்பட்டோரிடம் இவ்வபாயம் கூடுதலாகக் கவனிக்கப்பட வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்பதனால் அவ்வெண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என அஞ்சுதல் வேண்டா. பரிவோடு நேராகக் கேட்பது நோயாளியின் பாரத்தைக் குறைக்கவே செய்யும்.

இமிபிரமின் இனத்து மருந்துகள் வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் தடைப்படுதல் ஆகியவற்றை உண்டாக்கும். அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பைக் கெடுத்து உயிரைப் போக்கும். ஆதலின் வீடு திரும்பும் நோயாளியிடம் ஒரு சில நாட்களுக்கான மாத்திரைகளை மட்டும் கொடுத்து, அவற்றையும் உறவினர் பொறுப்பில் வைக்கச் செய்வது நலம். ஃபுளுவாக்ஸிடின் இவ்வகையில் அபாயம் குறைந்தது. தொடக்கத்தில் குமட்டலும் உறக்கக் குறைவும் தோன்றலாமாகையால் காலையில் உணவுக்குப் பின் தருவது வழக்கம். சோர்ந்திருந்தவர் திடீரென உறக்கமே வேண்டாதவராய், ஓயாது பேசி, பணத்தை வாரியிறைக்கத் தொடங்கினால், அதனைக் குணமென்று மகிழாது மருத்துவருக்குத் தெரிவித்தல் வேண்டும். எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் நோய் அது எனத் தெரியவரலாம்.

அந்நோய்க்கு லித்தியம் உதவும். அதன் பயனை 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் வெளியிட்டார். பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் உள்ள தூரம் மிகச் சிறிது. வாந்தி, வயிற்றுப்போக்கு, மிகுந்த வியர்வை ஆகியவற்றால் உடலில் நீரும் உப்பும் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை நடுக்கம் மிகுதல், நடை தள்ளாடுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை எச்சரிக்கைகள். சோதனைக்கான இரத்தத்தைக் கடைசி வேளை மருந்துக்கு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும்.

மருந்தைத் தொடர்தல்

குணம் கண்டதும் மருந்தை நிறுத்திவிடுவதே நோய் மீள்வதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று. மனச்சோர்வு நீங்கிய பின்னும் குறைந்தது ஆறு மாதங்களும், மனச்சிதைவு நோயில் அதனினும் நெடுங்காலமும் மருந்து தொடர வேண்டியிருக்கும். “ஏன் மாத்திரை சாப்பிடவில்லை?” என்று கடிந்துகொள்வதால் பயனில்லை, நோயாளி மாத்திரையை நாவின் அடியில் ஒளித்துவைக்கவே கற்றுக்கொள்வார். எந்த வேதனை அவரை நிறுத்தத் தூண்டிற்று என்று கேட்டறிந்தால், அளவைக் குறைக்கவோ, மருந்தை மாற்றவோ, சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசிக்கு மாற்றவோ மருத்துவரால் இயலும். சிகிச்சை பற்றிய விளக்கத்தைப் பெறுவது நோயாளியின் உரிமை என 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் கூறுகிறது.

பூட்டிய அறையின் தேவையை மருந்துகள் குறைத்தது உண்மை. ஆயினும் மாத்திரையை நோயாளியின் கையில் வைப்பதோடு நர்ஸின் கடமை முடிவதில்லை. அடுத்து வரும் வாரங்களில் அவருடைய நடை, முகம், உறக்கம், பேச்சு ஆகியவற்றைப் பார்த்து, பார்த்ததை நாள் தவறாமல் குறித்துவைத்து, மருத்துவருக்கு எடுத்துரைப்பதும் சிகிச்சையே என்பதை மாணவ மாணவியர் உணர்ந்து செயற்படுவார்களாக.