நெஞ்சுப் படபடப்பும் காலை ஆகாரமும்

போடிநாயக்கனூரிலும் கம்பத்திலும் பொழுது புலருமுன்னரே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. போடிமெட்டு, கம்பமெட்டு வழியே உடும்பஞ்சோலை வட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு நாள்தோறும் செல்லும் பெண்களுள் பலர், வீட்டாருக்கெல்லாம் சோறு ஆக்கி வைத்துவிட்டுத் தாம் ஒரு குவளைத் தேநீரோடு ஏறிவிடுவர். செடியின் தூரில் குந்தியமர்ந்து காய் பறிக்கையில் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, காரணமற்ற ஓர் அச்சம் கவ்வுகிறது. 'பயந்த சுபாவம்' என்று பிறர் சொல்ல, அவளும் அதனை நம்பிவிடுகிறாள். இது மனத்தின் குறைதானா என்று நாம் சற்றே ஆராய்வோம்.

வயிறு நெடுநேரம் காலியாக இருப்பின் இரத்தத்திலுள்ள சர்க்கரை தாழக்கூடும். அதனை உயர்த்த உடல் அட்ரினலின் என்னும் நீரைச் சுரக்கிறது. யானையைக் கண்டு ஓடுகையில் சுரப்பதும் இதுவே! ஆதலின் பசியும் அச்சத்தின் வேடத்தில் வருகிறது. தேநீரிலுள்ள காப்பீன் துடிப்பை மேலும் கூட்டும்.

இதனினும் பெரிது இரத்த சோகை. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இது உண்டு. சோகையுற்ற இரத்தம் பிராணவாயுவைக் குறைவாகவே சுமப்பதால், இதயம் விரைந்து துடித்து ஈடுசெய்ய முயல்கிறது. ஈர மண்ணில் வெறுங்காலுடன் நடப்போருக்குக் கொக்கிப்புழு பாதத்தின் வழியே புகுந்து, குடலில் தங்கி இரத்தம் உறிஞ்சுவதும் உண்டு. உணவோடு பருகும் தேநீரோ, கீரையிலும் பயற்றிலுமுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்கவொட்டாது தடுக்கிறது. தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிப் பருகி, உணவோடு ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொள்வது எளிய உபாயம். பழையசோற்றில் மோர் விட்டு உண்டு புறப்படுவதை நாகரிகக் குறைவென்று எண்ணுவோருக்கு நாம் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை.

எனினும் எல்லாக் கலக்கமும் சோற்றால் தீருமென்று நாம் கூறவில்லை. தைராய்டுச் சுரப்பி மிகையாக இயங்கினாலும் இதே படபடப்புத் தோன்றும். கடன் கவலைக்கு நெல்லிக்காய் மருந்தன்று. சோதனையில் உடற்குறை எதுவும் தென்படாவிடினும் அது பாசாங்கு ஆகாது. மனநல வைத்தியரை நாடவேண்டிய மெய்யான நோயாக இருக்கலாம்.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்க. கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் சோகையே. வைத்தியர் தரும் இரும்புச் சத்து மாத்திரையால் மலம் கறுக்கும். அதற்கு அஞ்சி நடுவில் நிறுத்திவிட வேண்டா.