பெரிய டயர் ஏன் டீசல் குடிக்கிறது?

உத்திரமேரூர் வட்டாரத்தில் நெல் மூட்டை ஏற்றும் பிக்கப் வண்டிகள் பலவற்றின் டயரில் 215/75 ஆர்15 என்று பதிந்திருக்கும். அகலம் 215 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அதில் 75 சதவீதம்; ரிம் 15 அங்குலம். மொத்த விட்டம் சுமார் 70 செ.மீ.

அதைக் கழற்றிவிட்டு 235/75 மாட்டினால் விட்டம் 73 செ.மீ.யைத் தாண்டும். ஒரு சுற்றில் சக்கரம் கூடுதல் தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது. அது 100 கி.மீ. காட்டும்போது வண்டி 104 ஓடியிருக்கும். மைலேஜ் விழுந்ததாகத் தோன்றுவதில் ஒரு பங்கு இந்தக் கணக்குப் பிழைதான்.

மீதி நிஜமான இழப்பு. கனத்த டயரை முன்னே நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். அதனால் டயரின் வெளிவிளிம்பில் கூடும் ஒரு கிலோவை வேகமெடுக்க வைக்க, வண்டிமேல் கிடக்கும் ஒரு கிலோவைவிட ஏறக்குறைய இரு மடங்கு ஆற்றல் செலவாகிறது. பிரேக்கை மிதித்தால் அத்தனையும் வெப்பமாகப் போய்விடும். வேகத்தடையும் மாடுகளும் குறுக்கிடும் ஊர்ச்சாலையில் இது ஓயாமல் நடக்கும். தோற்றத்துக்காகப் பெரிய டயர் மாட்டுவது பாரவண்டிக்கு வீண்செலவே.

நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது டயரின் எடை அவ்வளவு உறுத்தாது. அங்கே காற்றின் எதிர்ப்பும், ரப்பர் நசுங்கி நிமிர்வதில் வீணாகும் ஆற்றலும்தான் டீசலைத் தின்கின்றன. காற்று குறைந்த டயர் இன்னும் அதிகமாக நசுங்கும். பாரம் ஏற்றும் நாளில், டயர் சூடாவதற்கு முன்பே காற்றைச் சரிபார்த்துவிட வேண்டும். எவ்வளவு அழுத்தம் என்பது வண்டியின் கையேட்டிலேயே இருக்கும்.