பேதி வந்தால் தண்ணீர் கொடுக்கலாமா?



எங்கள் கற்போர் மையத்தில் ஒருநாள் ஒரு பேச்சு வந்தது. "பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகும்" என்றார் ஒரு அக்கா. பலரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

இது சரியா? நம் குடல் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பதில் தானாகக் கிடைக்கும்.

உடம்பில் எவ்வளவு தண்ணீர்?

நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். 60 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடம்பில் சுமார் 36 கிலோ தண்ணீர் இருக்கும். பிறந்த குழந்தையின் உடம்பில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர். இரத்தத்திலும் பெரும்பகுதி தண்ணீரே. தண்ணீர் வற்றினால் இரத்த ஓட்டம் குறையும். சிறுநீரகமும் மூளையும் தடுமாறும்.

குடல் என்ன செய்கிறது?

நாம் சாப்பிடுவது முதலில் இரைப்பைக்குப் போகிறது. பிறகு சிறுகுடலுக்குப் போகிறது. பெயர்தான் சிறுகுடல். நீளம் சுமார் 20 அடி! வயிற்றுக்குள் சுருண்டு கிடக்கிறது. அதற்கு அடுத்தது பெருங்குடல்.

ஒரு நாளில் சுமார் 2 லிட்டர் நீர் நம் வாய் வழியாக உள்ளே போகிறது. எச்சில், இரைப்பை நீர், பித்தநீர் என்று உடம்பும் சுமார் 7 லிட்டர் சுரக்கிறது. மொத்தம் 9 லிட்டர். ஆனால் மலத்தோடு வெளியே போவது ஒரு டம்ளர் அளவுகூட இல்லை. மீதி எங்கே? குடல் உறிஞ்சி இரத்தத்தில் சேர்த்துவிடுகிறது.

பேதியின்போது என்ன ஆகிறது?

அசுத்தமான தண்ணீரிலும் ஈ மொய்த்த பண்டத்திலும் கிருமிகள் இருக்கும். அவை குடலுக்குள் போனால் உறிஞ்சும் வேலை கெடும். காலராவில் உடம்பின் நீரே குடலுக்குள் கொட்டும். நீரோடு உப்பும் போய்விடும். குழந்தையின் உயிருக்கு ஆபத்து இதனால்தான்.

நாம் தண்ணீரை நிறுத்தினால் பேதி நிற்காது. உடம்புதான் வற்றும்.

ஒரு வாசல் மூடுவதில்லை

குடலின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத சின்ன வாசல்கள் உண்டு. ஒரு வாசல் வழியாகச் சர்க்கரையும் உப்பும் ஜோடியாகத்தான் போகும். அவை போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலரா வந்தாலும் இந்த வாசல் மூடுவதில்லை. அதனால்தான் வெறும் தண்ணீரை விட உப்பு சர்க்கரைக் கரைசல் நல்லது.

1971-இல் வங்கதேசப் போர் நடந்தது. மேற்கு வங்கத்துக்கு அகதிகள் லட்சக்கணக்கில் வந்தார்கள். பன்காவ் என்ற ஊரின் முகாமில் காலரா பரவியது. நூற்றுக்கு 30 பேர் வரை இறந்தார்கள். நரம்பில் ஏற்றும் மருந்து நீர் போதவில்லை. டாக்டர் திலீப் மஹாலனோபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நோயாளியின் சொந்தக்காரர்களே அதைப் புகட்டினார்கள். சாவு நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் காலமானார். 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

நாம் செய்ய வேண்டியது

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று அதன் மேல் எழுதியிருக்கும். சில பொட்டலம் 1 லிட்டருக்கு. சில பொட்டலம் 200 மில்லிக்கு. உங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமே! நீங்களே படித்துக் கரையுங்கள். தண்ணீர் குறைந்தால் உப்பு மிஞ்சும். அது ஆபத்து.

பொட்டலம் இல்லையா? 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர் எடுங்கள். தலை தட்டிய சின்னக் கரண்டியால் 6 கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு போட்டுக் கலக்குங்கள். ருசி பாருங்கள். கண்ணீரை விட அதிகமாக உப்புக் கரிக்கக் கூடாது. கலக்கிய நீரை ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

ஒவ்வொரு முறை பேதியான பிறகும் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மெதுவாகக் கரண்டியால் புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். துத்தநாக மாத்திரை பற்றிச் செவிலியரிடம் கேளுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்

கண் குழி விழுந்தால், குழந்தை துவண்டு கிடந்தால், குடிக்க முடியாவிட்டால், மலத்தில் இரத்தம் வந்தால் காத்திருக்காதீர்கள். வயிற்றுத் தோலைக் கிள்ளி விடுங்கள். மடிப்பு மெதுவாக மறைந்தால் அதுவும் ஆபத்துதான். போகும் வழியிலும் கரைசல் கொடுங்கள்.

அன்று தலையாட்டியவர்கள் எல்லோரும் கரைசல் செய்யப் பழகிக்கொண்டார்கள். நீங்களும் பழகுங்கள். பக்கத்து வீட்டுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பேசுவோம்

1. பேதிக்கு உங்கள் ஊரில் என்ன செய்கிறார்கள்?
2. கரைசலில் சர்க்கரை எதற்கு?
3. உங்கள் தெருவில் குடிதண்ணீர் சுத்தமாக இருக்கிறதா?