டர்னரின் கோட்டுப்பை நோட்டுகள்

ஆங்கில ஓவியர் டர்னர் 1819-இல் இத்தாலி போயிருந்தபோது, வெளியில் உட்கார்ந்து ஏன் வண்ணம் தீட்டுவதில்லை என்று நேப்பிள்ஸில் யாரோ கேட்டிருக்கிறார்கள். ஒரு வண்ணப்படம் முடிவதற்குள் பென்சிலால் 15, 16 படங்கள் போட்டுவிடலாமே என்று முனகினாராம். அந்தப் பயணத்தில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட ஸ்கெட்ச்புக்குகள் நிறைந்தன.

அழகான படங்களை எதிர்பார்த்து அந்த நோட்டுகளைப் பிரித்தால் ஏமாற்றம்தான். பல நோட்டுகள் கோட்டுப்பையில் அடங்கும் அளவு. ஒரே பக்கத்தில் மூன்று நான்கு காட்சிகள் நெருக்கியடித்து நிற்கும். மாளிகையின் ஒரு ஜன்னலை நுணுக்கமாக வரைந்துவிட்டு, அதே மாதிரியான மற்ற ஜன்னல்களை வெறும் கோடாக விட்டிருப்பார். வானத்தின் நிறம் சொல்லாக எழுதப்பட்டிருக்கும். நடுவே கவிதை முயற்சிகள், பயணச் செலவு, கையிலிருந்த பணத்தாள்களின் எண்கள்கூட உண்டு. பிறர் பார்க்க வரைந்தவை அல்ல இவை. ஊர் திரும்பிய பிறகு நினைவைக் கிளறிவிட இவ்வளவு போதும் அவருக்கு.

அந்த நினைவுக்கு ஆயுள் அதிகம். இங்கிலாந்தின் வடக்கு எல்லையில், ட்வீட் ஆற்றங்கரையில் நோரம் கோட்டை இருக்கிறது. 1797-இல், 22 வயதில், அதைப் பென்சிலில் குறித்துக்கொண்டார். அடுத்த ஆண்டே அது நீர்வண்ண ஓவியமாகிக் கண்காட்சிக்குப் போனது. அதோடு முடியவில்லை. மறுபடி அங்கே போனார், மறுபடி வரைந்தார். 1845 வாக்கில் தைல வண்ணத்தில் தீட்டியபோது கோட்டை நீலப் புகையாகக் கரைந்து, ஆற்றில் நிற்கும் ஒரு பசு மட்டுமே கொஞ்சம் திடமாகத் தெரிகிறது. எதை விட்டுவிடலாம் என்று அறிய அரை நூற்றாண்டு வரைந்த கை வேண்டியிருந்தது என்றே எனக்குப் படுகிறது.

1851-இல் அவர் இறந்தபின் ஓவியங்களோடு நோட்டுகளும் நாட்டுக்குச் சேர்ந்தன. இன்று சுமார் 300 நோட்டுகள் லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பக்கத்தை மட்டும் விரித்து வைப்பது ஸ்கெட்ச்புக்குக்குச் செய்யும் அநியாயம். புரட்டினால்தானே அது நோட்டு! நல்லவேளை, டேட் தன் இணையதளத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்க வைத்திருக்கிறது.

அவற்றில் ஒரு நோட்டில் தீப்பிழம்பு எரியும் நீர்வண்ணப் படங்கள் இருக்கின்றன. 1834-இல் லண்டன் நாடாளுமன்றம் எரிந்ததைத்தான் வரைந்திருக்கிறார் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அது 1841-இல் லண்டன் கோபுரத்தின் ஆயுதக் கிடங்கில் பிடித்த தீ என்று பிறகு ஆய்வாளர்கள் திருத்தினார்கள்.