கசிவின் காரணம்

நுழையும்முன்

அடைத்த கசிவு மீண்டும் மீண்டும் தோன்றுமானால், துளை அடைபட்டதே தவிரக் காரணம் நீங்கவில்லை என்பது பொருள். பழைய சரக்குந்தின் இயந்திரத்தில் நீர் கசியும் இடத்தைத் தேடுவது, காரண காரியத் தொடர்பை அறியும் நல்ல பயிற்சியாகும். அத்தேடலின் படிகளை இப்பாடம் விளக்குகிறது.

தோலும் சரக்குந்தும்

பாலாற்றுப் படுகையில் இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என விரிந்து கிடப்பது தமிழகத்தின் தோல் தொழில் பகுதி. 2019ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பின்னும் இவ்வூர்களைத் தொழில் பிணைத்திருக்கிறது. உப்பிட்ட பச்சைத் தோல் பதனிடும் ஆலைக்கும், பதனிட்ட தோல் காலணித் தொழிற்சாலைக்கும் செல்ல வேண்டும். இப்பணியில் பல்லாண்டு உழைத்த சரக்குந்துகளும் ஈடுபடுகின்றன. ஒற்றை வண்டியை நம்பி வாழும் உரிமையாளருக்கு, நெடுஞ்சாலையில் இயந்திரம் சூடேறி நின்றால் ஒரு நாள் வருவாய் போகும். இயந்திரமே பழுதானால் வாழ்வாதாரமே போய்விடும்.

குளிர்விக்கும் அமைப்பு

எரிபொருள் எரியும்போது உருளைக்குள் வெப்பநிலை 2000 பாகை செல்சியசையும் தாண்டும். இவ்வெப்பத்தின் கணிசமான பகுதியைக் கூலன்ட் எனப்படும் குளிர்நீர்மம் வெளியேற்றுகிறது. வாட்டர் பம்பு அதனை உருளைகளைச் சுற்றியுள்ள அறைகளுக்குள் செலுத்துகிறது. சூடேறிய நீர்மம் ரப்பர்க் குழாய் வழியே ரேடியேட்டரை அடைந்து, காற்றுப்பட்டுக் குளிர்ந்து திரும்புகிறது. ரேடியேட்டர் மூடியிலுள்ள சுருள்வில் உள்ளழுத்தத்தைத் தக்கவைக்கிறது. அழுத்தம் உயர்ந்தால் கொதிநிலையும் உயரும். வளிமண்டல அழுத்தத்தில் பாதியளவு கூடுதலாக இருப்பின், நீர் ஏறத்தாழ 111 பாகையில்தான் கொதிக்கும். ஆகவே, மூடி தளர்ந்தால் வேறெங்கும் துளை இல்லாமலே நீர் கொதித்து வெளியேறக்கூடும்.

தேடலின் ஒழுங்கு

தேடல் எளியதிலிருந்து அரியதை நோக்கிச் செல்ல வேண்டும். இயந்திரம் முற்றிலும் ஆறிய பின்னரே மூடியைத் திறத்தல் வேண்டும். சூட்டில் திறந்தால் பீறிடும் நீராவி கடும் தீப்புண்ணை உண்டாக்கும். முதலில் மூடியின் ரப்பர் வளையம், பின்னர்க் குழாய்களும் அவற்றை இறுக்கும் கிளாம்புகளும், அடுத்து ரேடியேட்டரின் இணைப்புகள் என்னும் வரிசையில் ஆராய வேண்டும். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதில் நீர் சொட்டினால் உள்ளிருக்கும் சீல் தேய்ந்துவிட்டது என அறியலாம். அத்துளையை அடைத்தால் நீர் பேரிங்கினுள் புகுந்து பம்பையே கெடுக்கும்.

கண்ணுக்குப் புலப்படாத கசிவை அழுத்தச் சோதனை காட்டும். ரேடியேட்டரின் வாயில் அளவியுடன் கூடிய கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறிக்கப்பட்ட அளவுக்கு அழுத்தம் ஏற்றிக் காத்திருக்க வேண்டும். அளவியின் முள் இறங்கியும் வெளியே ஈரம் தென்படாவிடில், இயந்திரத்தின் உள்ளே கசிவு இருப்பதாக ஐயுறலாம். எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் மாறுதல், வெண்புகை இடைவிடாது வெளிவருதல், ரேடியேட்டரில் குமிழிகள் எழுதல் ஆகியன ஹெட் கேஸ்கெட் போன்ற உட்பகுதிகள் பழுதுற்றதற்கான அறிகுறிகள்.

மீண்டும் ஏன் கசிகிறது?

பழுதான பகுதியை மாற்றிய பின்னும் கசிவு திரும்புமானால், ஊற்றப்படும் நீரை ஆராய வேண்டும். பச்சைத் தோல் அழுகாதிருக்க இடப்படும் உப்பு, ஆலைகளில் கழுவப்பட்டு நெடுங்காலம் நிலத்திலும் பாலாற்றிலும் கலந்தது. இம்மாசு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்துவோரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை வலியுறுத்தியது. உப்பேறிய நிலத்தடி நீர் இயந்திரத்துக்கும் தீங்கானது. கடினநீரைச் சூடாக்கும்போது கால்சியம் கார்பனேட் வெண்ணிறப் படிவாகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தில் படியும் அப்பொருளே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து, வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. மேலும், உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். இரும்பு, அலுமினியம், செம்பு முதலியவை அதில் ஒருசேர நனையும்போது, அவ்வமைப்பு மின்கலம்போல் செயற்பட்டு உலோகத்தை அரிக்கிறது. ஓரிடத்தைப் பற்றவைத்தால், அரிப்பால் மெலிந்த மற்றோரிடம் திறந்துகொள்கிறது.

பல டீசல் இயந்திரங்களில் உருளையின் உறை நீர்மத்தில் நேரடியாக நனைந்திருக்கும். அதன் அதிர்வால் தோன்றும் நுண்குமிழிகள் உடையும்போது உலோகம் சிறிது சிறிதாகச் செதுக்கப்பட்டு, நாளடைவில் ஊசித்துளை விழுகிறது. தரமான கூலன்டில் உள்ள வேதிப்பொருள்கள் இச்சேதத்தைக் குறைக்கின்றன. வெறும் நீரில் அப்பாதுகாப்பு இல்லை.

முதலுதவியும் தீர்வும்

வழியில் கசிவு கண்ட ஓட்டுநர்கள் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் இடுவதுண்டு. அத்தூள் சிறு துளையில் சிக்கி, பட்டறையை அடையும்வரை உதவலாம். தொடர்ந்து இட்டால் நல்ல குழாய்களையும் அடைத்துவிடும்.

நிலையான தீர்வுக்குப் படிவுகளை நீக்கி, பழுதான பகுதியை மாற்றி, கனிமம் நீக்கிய நீருடன் கூலன்டை உரிய விகிதத்தில் கலந்து நிரப்ப வேண்டும். எத்தனை கிலோமீட்டர் ஓடியபின் எவ்வளவு நீர்மம் குறைந்தது என்பதைக் குறித்துவந்தால், புதிய கசிவைத் தொடக்கத்திலேயே அறியலாம். வெளியேற்றிய பழைய கூலன்ட் நஞ்சுடையது. அதன் இனிப்புச் சுவையால் விலங்குகள் பருகிவிடக்கூடும். எனவே, அதனைத் தனிக்கலத்தில் சேர்த்து முறையாக அகற்ற வேண்டும். ஏற்கெனவே உப்பைச் சுமக்கும் பாலாற்று மண்ணில் அதனையும் கொட்டுதல் தகாது.