உங்களுக்குத் தெரியுமா? வாத்துக் குரலும் நோபல் பரிசும்

ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலியாளர்களின் பெட்டியில் பேசுவதற்கு எல்.எஸ்.பி. (கீழ்ப் பக்கப்பட்டை), யு.எஸ்.பி. (மேல் பக்கப்பட்டை) என இரண்டு நிலைகள் உண்டு. பொதுவாக 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே முன்னது, மேலே பின்னது. இது ஹாம்கள் வழிவழியாகப் பின்பற்றும் வழக்கம். மாற்றி வைத்தால் எதிராளி பேசுவதில் ஒரு சொல்கூடப் புரியாது. நிலை சரியாக இருந்து, அலைவரிசைக் குமிழ் கொஞ்சம் தள்ளியிருந்தாலோ, வாத்து பேசுவதுபோல் கேட்கும்!

இப்படிப் பேச சுமார் 2,500 ஹெர்ட்ஸ் அலைவரிசை அகலம் வேண்டும். மோர்ஸ் குறியீட்டுக்கு 150 ஹெர்ட்ஸே தாராளம். வடிகட்டியை அந்த அளவுக்கு இறுக்கினால் இரைச்சலில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். பேச்சு கரைந்துபோகும் இடத்திலும் மோர்ஸின் ‘டிட்-டா’ காதில் விழுவது இதனால்தான்.

2017இல் வந்த எஃப்டி8 என்ற கணினிவழித் தொடர்பு முறை வெறும் 50 ஹெர்ட்ஸில் அடங்கும். காதுக்கே எட்டாத சமிக்ஞையையும் கணினி படித்துவிடும். ஆளுக்கு 15 விநாடி முறை. கணினிக் கடிகாரம் சில விநாடிகள் பிசகினாலும் திரை காலிதான். அழைப்புக்குறி, இருப்பிடம், சமிக்ஞை அளவு, அவ்வளவே செய்தி. அரட்டைக்காரர்களுக்குச் சப்பென்றிருக்கும். பெயரிலுள்ள ‘டி’ ஜோ டெய்லரைக் குறிப்பது. இரட்டைப் பல்சரைக் கண்டறிந்ததற்காக 1993இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே டெய்லர்.